புயலின் வாயில் காமிரா

வானம் கறுக்கிறது. காற்று ஓய்ந்து விடுகிறது. மேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானைத் துதிக்கை போல ஒன்று கீழே இறங்குகிறது. அது தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் வீடு இல்லை. மரம் இல்லை. வேலி இல்லை. எல்லாம் ஆகாயத்தில் பறக்கின்றன.

ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு நிலவறைக்குள் ஓடி ஒளிகிறார்கள். ஆனால் ஒரு கார் மட்டும் அந்தத் துதிக்கையை நோக்கிப் போகிறது. காரில் இருப்பவர் கையில் காமிரா இருக்கிறது!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் நடக்கிற காரியம். புயலைத் துரத்திப் போய்ப் படம் பிடிக்கிறவர்கள் அங்கே ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் விஞ்ஞானிகள். சிலர் டெலிவிஷன்காரர்கள். சிலர் வேடிக்கைக்காகப் போகிறவர்கள்.

இப்படி எடுத்த படங்கள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கின்றன. இப்படி எடுத்த படம் ஒன்று மக்களைத் தவறான வழியில் திருப்பியும் இருக்கிறது. படம் எடுக்கப் போனவர்களே பலியானதும் உண்டு.

புயலைப் படம் பிடிப்பது நல்லதா, கெட்டதா? எவ்வளவு கிட்டே போகலாம்? இன்று எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அதில் ஒரு காமிரா இருக்கிறது. ஆகையால் இந்தக் கேள்வி அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

துதிக்கைக் காற்று

வங்கக் கடலில் உண்டாகும் புயல் வேறு. இது வேறு. வங்கக் கடல் புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர். அது பல நாட்கள் நீடிக்கும். எந்தக் கரைக்கு வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும்.

அமெரிக்காவின் துதிக்கைக் காற்று இடிமேகத்தில் பிறக்கிறது. அதற்கு "டார்னடோ" என்று பெயர். பெரும்பாலான டார்னடோக்கள் சில நூறு மீட்டர் அகலம்கூட இருப்பது இல்லை. சில நிமிடங்களில் அடங்கி விடுகின்றன. ஆனால் மிகக் கொடிய டார்னடோவில் காற்று மணிக்கு 480 கிலோ மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அந்த வேகத்தில் வரும் ஒரு மரப்பலகை சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

இது எப்படி உண்டாகிறது?

தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வருகிறது. மேற்கே மலைகளையும் பாலைவனத்தையும் தாண்டி வறண்ட காற்று வருகிறது. உயரே குளிர்ந்த காற்று வேகமாக ஓடுகிறது. இந்த மூன்றும் டெக்சாஸ், ஓக்லகாமா, கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் சமவெளியில் சந்திக்கின்றன. கீழே உள்ள வெப்பக் காற்று மேலே பாய்கிறது. உயரே போகப் போகக் காற்றின் திசையும் வேகமும் மாறுகின்றன. அதனால் மேலே பாயும் காற்று சுழலத் தொடங்குகிறது. மதகில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவது போல அது சுழித்துக்கொண்டு ஏறுகிறது.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,000-க்கு மேற்பட்ட டார்னடோக்கள் தோன்றுகின்றன. சுழலும் மேகங்கள் எல்லாம் டார்னடோவைப் பெறுவது இல்லை. எந்த மேகம் பெறும், எது பெறாது என்று இன்றும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. விஞ்ஞானிகள் காமிராவோடு கிட்டே போனதற்கு இதுதான் காரணம்.

முதல் படம்

1884-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு டார்னடோ தோன்றியது. ஆடம்ஸ் என்பவர் அதைப் படம் பிடித்தார். டார்னடோவைப் பிடித்த படங்களில் மிகப் பழையது என்று அது கருதப்படுகிறது.

அந்தக் காலத்துக் காமிரா பெரிய பெட்டி. அதைக் காலில் நிறுத்தி, தட்டை மாட்டி, பிறகுதான் படம் எடுக்க வேண்டும். ஆடம்சுக்கு அதற்கு நேரம் கிடைத்தது. காரணம், டார்னடோ மெதுவாக நகர்ந்தது. அவரும் அதற்குப் பல கிலோ மீட்டர் தள்ளி நின்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தென் டகோட்டாப் பகுதியில் வேறு ஒருவர் படம் எடுத்தார். பார்த்தால் பயமாக இருக்கும் படம். நெடுங்காலம் அதுவே உலகத்தின் முதல் டார்னடோ படம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தப் படத்தில் பிறகு கைவேலை செய்திருக்கிறார்கள் என்று இன்று நிபுணர்கள் கருதுகிறார்கள். புயலின் பயங்கரம் போதாது என்று இன்னும் கொஞ்சம் சேர்க்கும் ஆசை அன்றைக்கே இருந்திருக்கிறது!

சினிமாச் சுருள் சொன்ன கணக்கு

1957-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் பெரிய நகரமான டல்லாசில் ஒரு டார்னடோ புகுந்தது. 10 பேர் மாண்டார்கள். மாலை நேரம். ஊர் முழுதும் அதைப் பார்த்தது. தூரத்தில் இருந்தவர்கள் பலர் போட்டோ எடுத்தார்கள். சிலர் சினிமாக் காமிராவில் பிடித்தார்கள்.

அந்தச் சுருள்கள் விஞ்ஞானிகளுக்குப் பெரிய புதையலாக இருந்தன. ஏன்? டார்னடோவின் வேகத்தை அதுவரை யாராலும் சரியாக அளக்க முடியவில்லை. அளக்கும் கருவியை அதுவே பிடுங்கி எறிந்து விடும். ஆனால் சினிமாக் காமிரா ஒரு வினாடிக்கு இத்தனை படம் என்று கணக்காக எடுக்கிறது. சுருளில் ஒரு பலகை பறக்கிறது. அது இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? அடுத்த படத்தில் எங்கே இருக்கிறது? இந்த இரண்டையும் அளந்தால் காற்றின் வேகம் தெரிந்து விடும்.

அப்படி அளந்தார்கள். காற்று மணிக்குச் சுமார் 270 கிலோ மீட்டர் வேகத்தில் சுழன்றது என்று தெரிந்தது. தூர நின்று எடுத்த படமே இந்த வேலையைச் செய்தது.

பார்க்காமலே படித்தவர்

அதே 1957-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி வட டகோட்டாவில் உள்ள பார்கோ நகரத்தை டார்னடோ தாக்கியது. குழந்தைகள் உள்படப் பலர் மாண்டார்கள்.

அப்போது சிக்காகோவில் புஜிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானி இருந்தார். அவருடைய வாழ்க்கையே ஒரு கதை. 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி அமெரிக்க விமானம் ஒன்று அணுகுண்டோடு ஜப்பானுக்குப் போனது. குண்டு விழ வேண்டிய ஊர் கோக்குரா. புஜிட்டா அந்த ஊருக்குப் பக்கத்தில் வசித்தார். அன்று மேகமும் புகையும் கோக்குராவை மறைத்தன. விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. புஜிட்டா பிழைத்தார். பிறகு நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், பொருள்கள் கருகிய விதத்தைப் பார்த்தார். குண்டு எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்பதைக் கணக்கிட்டார். அழிவின் அடையாளத்திலிருந்து உண்மையைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

பார்கோவில் மக்கள் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட போட்டோக்களை அவர் சேகரித்தார். ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். ஒரு டார்னடோ என்று எல்லாரும் நினைத்தது உண்மையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தோன்றிய 5 டார்னடோக்கள்!

டார்னடோ இறங்குவதற்கு முன் மேகத்தின் அடியில் ஒரு பகுதி சுவர் போலத் தாழ்ந்து தொங்குவதை அந்தப் படங்கள் காட்டின. அதற்கு அவர் "சுவர் மேகம்" என்று பெயர் வைத்தார். இன்றும் அமெரிக்காவில் புயலைக் கவனிக்கும் தொண்டர்கள் முதலில் தேடுவது இந்தச் சுவர் மேகத்தைத்தான். அது சுழன்றால் உடனே தகவல் கொடுக்கிறார்கள்.

1971-ம் ஆண்டு டார்னடோவின் பலத்தை அதன் அழிவைக் கொண்டு 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் முறையைப் புஜிட்டா வகுத்தார். அவர் பெயரால் அமைந்த அந்த முறை, திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. டார்னடோவைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன புஜிட்டா ஒரு டார்னடோவை நேரில் பார்த்தது 1982-ம் ஆண்டில்தான்! அதுவரை படங்களைப் பார்த்தே படித்தார். 1998-ம் ஆண்டு அவர் காலமானார்.

பிறப்பு முதல் இறப்பு வரை

விஞ்ஞானிகள் திட்டமிட்டுக் காமிராவோடு போய்ப் பெரிய வெற்றி கண்ட நாள் 1973-ம் ஆண்டு மே 24. இடம், ஓக்லகாமா மாநிலத்தில் உள்ள யூனியன் சிட்டி. அங்கே தோன்றிய டார்னடோவைப் பிறந்தது முதல் மறைந்தது வரை அவர்கள் சினிமா எடுத்தார்கள்.

அதே நேரத்தில் நார்மன் என்ற ஊரில் இருந்த டாப்ளர் ரேடாரும் அந்த மேகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது. டாப்ளர் ரேடார் என்பது காற்று கிட்டே வருகிறதா, எட்டப் போகிறதா, என்ன வேகம் என்பதைக் காட்டும் கருவி. பிறகு படத்தையும் ரேடார் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படத்தில் டார்னடோ தரையைத் தொடுவதற்கு முன்பே ரேடாரில் அதன் அடையாளம் தெரிந்திருந்தது!

அந்த அடையாளம் எது என்று காமிரா இல்லாவிட்டால் உறுதியாகச் சொல்லி இருக்க முடியாது. 1990-க்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் அமைக்கப்பட்டன. இன்று சங்கு ஊதி மக்களை எச்சரிப்பதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. நிலவறைக்குள் போக அந்த நிமிடங்கள் போதும்.

ஆமைக் கருவி

ரேடாரால் எல்லாம் தெரியும் என்றால் மனிதன் ஏன் இன்னும் கிட்டே போகிறான்?

அதற்கும் காரணம் உண்டு. பூமி உருண்டை. ரேடாரின் கதிர் தூரம் போகப் போகத் தரையை விட்டு உயர்ந்து விடுகிறது. தரையை ஒட்டிய காற்றை அது பார்ப்பது இல்லை. ஆனால் வீடுகள் இருப்பது தரையில்தான். அங்கே காற்று என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இடியாத வீடு கட்ட முடியும்.

இந்த வேலைக்குத் துணிந்தவர் டிம் சமாரஸ் என்ற அமெரிக்கர். அவர் ஆமை ஓடு போன்ற கருவி ஒன்றைச் செய்தார். காற்று மேலே ஏறிப் போகுமே தவிர, அதைப் புரட்ட முடியாது. டார்னடோ வரும் வழியில் அதை வைத்து விட்டு ஓடிவிட வேண்டும்.

2003-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி தென் டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூரை டார்னடோ துடைத்து எறிந்தது. சமாரஸ் வைத்த கருவியின் மேலேயே அது போயிற்று. ஒரு நிமிடத்துக்குள் காற்றின் அழுத்தம் 100 மில்லிபார் குறைந்ததைக் கருவி பதிவு செய்தது. தரையில் நின்றவனை ஒரு நிமிடத்தில் சுமார் 900 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் எவ்வளவு அழுத்தம் குறையுமோ, அவ்வளவு!

2004-ம் ஆண்டு அவர் அதே போன்ற கருவிக்குள் காமிராக்களை வைத்தார். அயோவா மாநிலத்தில் டார்னடோ அதை நெருங்கியது. மிகப் பக்கத்தில் பொருள்கள் எப்படிப் பறக்கின்றன என்பதை அந்தக் காமிராக்கள் பிடித்தன. மனிதக் கண் இருக்க முடியாத இடத்தில் காமிரா இருந்தது. எடுத்தவருக்கு ஒரு கீறலும் இல்லை.

எல் ரினோவில் நடந்தது என்ன?

சமாரஸ் முரட்டுத்தனமாகப் போகிறவர் அல்ல. நிதானமானவர், எச்சரிக்கையானவர் என்றே கூட்டாளிகளிடம் பெயர் வாங்கியவர். அவருக்கே ஒரு நாள் கணக்குத் தவறியது.

2013-ம் ஆண்டு மே 31-ந் தேதி. ஓக்லகாமா மாநிலம். எல் ரினோ என்ற ஊருக்குப் பக்கம். மாலையில் ஒரு டார்னடோ இறங்கியது. சமாரசும், படம் பிடிப்பவரான அவருடைய மகன் பாலும், வானிலை ஆராய்ச்சியாளர் கார்ல் யங்கும் ஒரு காரில் போனார்கள். பாலுக்கு வயது 24.

டார்னடோ சில நிமிடங்களில் பெருத்தது. 4.2 கிலோ மீட்டர் அகலம்! அளந்தவற்றில் அதைவிட அகலமானது வேறு இல்லை. மழைத் திரை அதை மறைத்தது. எது டார்னடோ, எது மழை என்று தெரியவில்லை. அது போய்க்கொண்டிருந்த திசையை மாற்றியது. வேகத்தையும் கூட்டியது. பெரிய சுழலுக்குள் சிறிய சுழல்கள் தனியாகச் சுற்றி வந்தன.

கார் அகப்பட்டுக்கொண்டது. மூவரும் மாண்டார்கள்.

அன்று எல் ரினோ டார்னடோவில் பலியானவர்கள் 8 பேர். அந்த 8 பேரும் வண்டிகளில் இருந்தவர்கள். அவர்களில் 4 பேர் புயலைத் துரத்தி வந்தவர்கள். புயலைத் துரத்தியவர்கள் டார்னடோவின் பிடியிலேயே சிக்கி மாண்டது அதுவே முதல் தடவை.

அன்று தப்பிய பலரும் வீடியோ எடுத்திருந்தார்கள். விஞ்ஞானிகள் அவற்றை எல்லாம் கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு காமிராவின் கடிகாரமும் ஒரு நேரம் காட்டியது. என்ன செய்வது? மின்னல் கைகொடுத்தது. ஒரு மின்னல் வெட்டினால் எல்லாப் படங்களிலும் அது ஒரே நொடியில் தெரியும். அதை வைத்து எல்லாப் படங்களையும் நேரப்படுத்தினார்கள். அந்த டார்னடோவின் வரலாறு இன்று நொடி நொடியாகத் தெரிகிறது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்.

பாலத்தின் அடியில்

எடுத்தவர்களுக்கு மட்டும்தான் ஆபத்தா? பார்த்தவர்களுக்கும் ஆபத்து வந்திருக்கிறது.

1991-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி கன்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு டெலிவிஷன் குழு போய்க்கொண்டிருந்தது. டார்னடோ துரத்தியது. அவர்கள் ஒரு மேம்பாலத்தின் அடியில் புகுந்தார்கள். வேறு சிலரும் அங்கே ஒளிந்தார்கள். காற்று இரைந்துகொண்டு போயிற்று. எல்லாரும் பிழைத்தார்கள். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் படம் உலகமெல்லாம் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் ஒரு பாடம் கற்றார்கள்: "டார்னடோ வந்தால் பாலத்தின் அடியில் ஒளிய வேண்டும்!"

அது தவறான பாடம். அன்று வந்தது பலம் குறைந்த டார்னடோ. அந்தப் பாலத்தின் அமைப்பும் தனி. பிடித்துக்கொள்ள இடம் இருந்தது. மற்றப் பாலங்களில் அப்படி இல்லை. பாலத்தின் அடி குறுகலான வழி. அதில் காற்று இன்னும் விரைந்து பாயும். கல்லும் தகரமும் அதோடு வரும்.

1999-ம் ஆண்டு மே 3-ந் தேதி ஓக்லகாமாவில் கொடிய டார்னடோக்கள் வந்தன. வண்டியில் போனவர்கள் பலர் பாலங்களின் அடியில் ஒதுங்கினார்கள். 3 பாலங்களின் அடியில் 3 பேர் மாண்டார்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள்.

1991-ல் எடுத்த படத்தில் கைவேலை எதுவும் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் அது காட்டியது. ஆனால் அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம் என்பதை அது காட்டவில்லை. படம் பாதியைச் சொன்னது. மீதியை மக்கள் தாங்களாக நினைத்துக்கொண்டார்கள்.

யார் கிட்டே போவது என்று போட்டி

1996-ம் ஆண்டு "ட்விஸ்டர்" என்ற ஆங்கிலப் படம் வந்தது. டார்னடோவைத் துரத்துகிறவர்களின் கதை. படம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு துரத்துகிறவர்களின் கூட்டமும் பெருகியது. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை வண்டியில் ஏற்றிப் போய்ப் புயலைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அமெரிக்கச் சமவெளியில் ஒரு டார்னடோ இறங்கினால் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தப்பி ஓட வேண்டியவனுக்கு வழி கிடைப்பது இல்லை. டார்னடோவைவிடச் சாலையே பல தடவை உயிரை வாங்கி விடுகிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் வானிலைப் படிப்பு படித்த 3 கல்லூரி மாணவர்கள் புயலைப் பார்த்து விட்டுத் திரும்பினார்கள். மழையில் கார் வழுக்கியது. லாரி மோதியது. மூவரும் மாண்டார்கள். டார்னடோ அவர்களைத் தொடவே இல்லை.

ஏன் இந்தப் போட்டி? கிட்டே எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு. நேற்று ஒருவன் 1 கிலோ மீட்டர் தூரத்தில் எடுத்தான் என்றால், இன்று இன்னொருவன் அரைக் கிலோ மீட்டரில் எடுக்க வேண்டும். நாளைக்கு?

இதில் பார்க்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. "ஆகா, எவ்வளவு தைரியம்!" என்று கைதட்டுகிறவர்கள்தான் அடுத்தவனை இன்னும் கிட்டே அனுப்புகிறார்கள். பத்திரிகைகளுக்கும் டெலிவிஷனுக்கும் பங்கு உண்டு. அபாயத்துக்கு விலை கொடுத்தால் அபாயம் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும்.

கைப்பேசியும் கடற்கரையும்

இந்தியாவில் டார்னடோ அபூர்வம். ஆனால் மின்னலும் புயலும் அபூர்வம் அல்ல. மின்னல் தாக்கி இந்தியாவில் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்டவர்கள் மாள்கிறார்கள்.

2021-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு எதிரே உள்ள காவல் கோபுரத்தில் மக்கள் கூடி இருந்தார்கள். மழை பெய்தது. சிலர் செல்போனில் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று செய்தி வந்தது. மின்னல் விழுந்தது. 11 பேர் பலியானார்கள்.

தமிழ்நாட்டுக் கரையிலும் புயல் அறிவிப்பு வந்ததும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. மீனவர்கள் படகைக் கரைக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். கடலைத் தெரிந்தவன் விலகிப் போகிறான். கடலைத் தெரியாதவன் செல்போனோடு அலையைப் பார்க்க வருகிறான்! போலீசார் ஒலிபெருக்கியில் திரும்பிப் போகச் சொல்ல வேண்டி இருக்கிறது.

ஒரு பெரிய அலை போதும். அது வரும் வரை எல்லாம் வேடிக்கை. காலை இழுத்த பிறகு கூப்பிட நேரம் இருக்காது. அவனைக் காப்பாற்றப் போகிறவனுக்கும் ஆபத்து.

புயலின் கண் கரையைக் கடக்கும்போது இன்னொரு மோசம் உண்டு. காற்று திடீரென்று நின்று விடும். "புயல் போய் விட்டது" என்று மக்கள் தெருவுக்கு வருவார்கள். சாய்ந்த மரத்தைப் படம் எடுப்பார்கள். ஆனால் போனது பாதிப் புயல்தான். சிறிது நேரத்தில் மறு பாதி எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். தகரக் கூரையும் விளம்பரப் பலகையும் பறக்கும். அறுந்த மின்சாரக் கம்பி தண்ணீரில் கிடக்கும்.

வீட்டில் உள்ளவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், சில காரியங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் இருக்கிறது. மாடியிலும் வெட்டவெளியிலும் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது.

புயல் நேரத்தில் காற்று நின்றாலும், வானிலை நிலையம் அறிவிக்கும் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

படம் எடுத்தே ஆக வேண்டுமா? உறுதியான வீட்டுக்குள் இருந்து, சன்னலை மூடிக்கொண்டு எடுக்கலாம். மழைத் தண்ணீர் எந்த வாசல்படி வரை ஏறியது, எந்தத் தெருவில் மரம் விழுந்தது என்று புயல் ஓய்ந்த பிறகு எடுத்த படம் அதிகாரிகளுக்கு உதவும். நிவாரணம் கேட்பவருக்கும் உதவும். இடத்தையும் நேரத்தையும் குறித்து வைத்தால் அதன் மதிப்பு இன்னும் கூடும். பார்கோ நகரத்து மக்கள் எடுத்த படங்கள் பயன்பட்டது அப்படித்தான்.

கருவி போகட்டும், மனிதன் நிற்கட்டும்

காமிராவைக் குறை சொல்வதில் பயன் இல்லை. டார்னடோ வருகிறது என்று சில நிமிடங்களுக்கு முன்னால் சங்கு ஊத முடிவதில் காமிராவுக்குப் பெரிய பங்கு உண்டு. உயிரைப் பணயம் வைத்து அறிவைத் தேடியவர்களை உலகம் மறக்கக் கூடாது.

ஆனால் இத்தனை வரலாற்றையும் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. ஆடம்ஸ் தூர நின்றார். டல்லாஸ் மக்கள் தூர நின்றார்கள். புஜிட்டா 1982 வரை டார்னடோவை நேரில் பார்க்கவே இல்லை. சமாரசின் காமிரா டார்னடோவுக்குப் பக்கத்தில் இருந்தபோது சமாரஸ் தூரத்தில் இருந்தார். அறிவுக்குப் பயன்பட்ட படங்களில் பெரும்பாலானவை மனிதன் எட்டி நின்றபோது எடுத்தவை.

கருவி கிட்டே போகட்டும். மனிதன் எட்டி நிற்கட்டும். விஞ்ஞானிகள் இனி இந்த வழியில்தான் போக வேண்டும். ஆளில்லாத விமானங்களும் தூரத்திலிருந்து அளக்கும் ரேடார்களும் இன்று வந்து விட்டன.

புயல் படத்தை வெளியிடுகிறவர்கள் அதன் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரத்தில் எடுத்தது, எடுத்தவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், எந்த இடத்தில் அதிர்ஷ்டத்தால் பிழைத்தார் என்பதையும் சேர்த்தே போட வேண்டும். பாலத்தின் அடியில் மாண்டவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் அது.

பார்க்கிறவர்கள், எடுத்தவனின் துணிச்சலை அளக்காமல், படத்தில் உள்ள செய்தியைக் கேட்க வேண்டும். வெறும் வேடிக்கைக்காக உயிரோடு விளையாடியவனின் படத்தை நாலு பேருக்கு அனுப்பாமல் இருந்தாலே போதும். பாதிப் போட்டி நின்று விடும்.

தமிழ்நாட்டுக் கரையில் புயல் வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே மக்களை எழுப்பி விடும் படம் ஒன்று உண்டு. மீனவர்களைக் கரைக்கு அழைக்கவும், தாழ்ந்த இடத்து மக்களைப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றவும் அது உதவுகிறது. அந்தப் படத்தை எடுப்பது யார்? இன்சாட் செயற்கைக் கோள். எங்கே இருந்து எடுக்கிறது?

சுமார் 36,000 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து!